அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வரப்போகிறது. ஏற்கலாமா? உண்மையில் என்ன வேலை இருக்கும்?

கேட்டவர் தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர். முன்னுரிமைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, ஏற்பதா, இப்போதைக்கு வேண்டாம் என்று உரிமைவிடல் எழுதிக் கொடுப்பதா என்ற குழப்பம். ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் இது வகுப்பறையின் நீட்சி என்று நினைத்து ஏற்க வேண்டாம். இது அலுவலகப் பதவி. இருபது ஆண்டு கணிதம் நடத்தியவரிடம் ஒரே நாளில் சாவிக்கொத்தையும் ரொக்கப் பதிவேட்டையும் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் துறைத் தேர்வுகள். அரசுப் பணியாளர் தேர்வாணையம் இவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வு, அரசு அலுவலக நடைமுறை நூல் தேர்வு, கல்வித் துறைக்கான தனித் தாள்கள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பட்டியல் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இருப்பவர்களை இளையவர் தாண்டிப் போய்விடுவார். இன்னொன்று ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்). 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, பதவி உயர்வுக்கு அது தேவையா என்ற கேள்வி பெரிதாகியிருக்கிறது. உங்கள் நியமனத் தேதியை வைத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விளக்கங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பதவியில் மிக ஆபத்தான நாள் பொறுப்பேற்கும் நாள்தான். மாலை போட்டு, தேநீர் கொடுத்து, பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தை நீட்டுவார்கள். அங்கேயே கையெழுத்திட்டால், முன்பிருந்தவர் காலத்தில் காணாமல் போன கணினியும் உங்கள் கணக்கில் சேரும். ரொக்கப் பதிவேட்டின் இருப்பை வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகம், நூலகம், விளையாட்டுப் பொருள் அறை, கணினி அறை என்று நடந்து எண்ணுங்கள். பெரிய பள்ளியில் இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இல்லாத பொருளை 'இல்லை' என்று பட்டியலிட்டு, அந்தப் பட்டியலை இணைத்துக் கையெழுத்திடுங்கள். முன்னவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரே சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர். (தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு அந்த வேலையை வட்டாரக் கல்வி அலுவலர் பார்க்கிறார்.) அரசு ஊழியர் சம்பளம் போடும் களஞ்சியம் மென்பொருளில் அந்த அதிகாரம் உங்கள் பெயருக்கு மாறும்வரை சம்பளப் பட்டியல் நகராது. மாதக் கடைசியில் பொறுப்பேற்றால் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதமானால் அந்தக் கோபம் முழுக்க உங்கள் மேல்தான் திரும்பும்.

அடுத்தது ஒவ்வொரு ஊழியரின் பணி விவரமும் ஊதிய உயர்வும் பதிவாகும் பணிப்பதிவேடு. ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வரும். ஒரே பதவியில் 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை என்ற கூடுதல் ஊதிய நிலைகள் உண்டு. ஊதியமில்லா விடுப்பு இடையில் வந்தால் இந்தத் தேதிகள் தள்ளிப்போகும். அதைக் கவனிக்காமல் பழைய தேதியிலேயே உயர்வு போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. உடனே தெரியாது. அந்த ஆசிரியர் ஓய்வுபெறும்போது கோப்பு மாநிலக் கணக்காயரிடம் போய் நிற்கும், பல ஆண்டுக்கு வாங்கிய கூடுதல் தொகையைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். இளநிலை உதவியாளர் பணியிடம் காலியாக உள்ள பள்ளி என்றால் இதை நீங்களேதான் சரிபார்க்க வேண்டும். வாரம் ஒரு பதிவேடு என்று எடுத்துப் பார்த்தால் ஓராண்டில் பள்ளி முழுவதும் முடிந்துவிடும்.

செலவுக் கணக்கு தனி உலகம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 31 முதல் 100 வரை 25,000 ரூபாய், 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. இவை விதிமுறையில் உள்ள தொகைகள். பணம் எப்போது, எவ்வளவு வரும் என்பது டெல்லிக்கும் சென்னைக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. வந்தால் வரிசை தவறக் கூடாது: பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், விலைப்புள்ளிகள், கொள்முதல், இருப்புப் பதிவேட்டில் பதிவு, பிறகுதான் பணம். பற்றுச்சீட்டின் மேலேயே இருப்புப் பதிவேட்டின் பக்க எண்ணை எழுதிவிடுங்கள். அவசரத்தில் கடனுக்குப் பொருள் வாங்கிவிட்டு அடுத்த மாதம் தீர்மானம் எழுதுபவர்கள் தேதியில் மாட்டுகிறார்கள். தீர்மானத்துக்கு முந்தைய தேதியில் பற்றுச்சீட்டு இருந்தால் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபணை, உறுதி. குழுத் தலைவர் ஒரு பெற்றோர். கூலி வேலையை விட்டுவிட்டு வங்கிக்கு வரவேண்டியிருப்பவர் என்றால் அவர் நேரத்தைக் கேட்டு நாள் வையுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால் முதல் மாதமே நிறுத்துங்கள்.

ஆகஸ்ட் 1 மறக்கக் கூடாத தேதி. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகும். 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர், 9, 10 வகுப்புகளுக்கு 40 பேருக்கு ஒருவர் என்பது அளவு. வந்து சேர்ந்த பிள்ளையைப் பழைய பள்ளி எமிஸ் (மாணவர் விவர இணையதளம்) பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கவில்லை என்றால், பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் இருக்காது. நாலைந்து பேர் இப்படி விடுபட்டால் ஓர் ஆசிரியர் உபரி ஆகி, பணிநிரவலில் வேறு ஊர் போவார். ஜூலையிலேயே வகுப்பு வாரியாக வருகைப் பதிவேட்டையும் எமிஸ் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பெற்றோரை வரவழைத்துக் காட்டி ஒப்பம் வாங்குங்கள். மதிப்பெண் சான்றிதழ் வந்தபின் திருத்தம் கேட்டு அந்தக் குடும்பம் அலைவதைப் பார்த்தால் இந்த அரை நாள் பெரிதாகத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் யாருடைய ஆலோசனைக்கும் காத்திருக்காதீர்கள். பிள்ளை ஒன்று பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்குக் கீழ் பணிபுரிபவராக இருந்து நீங்கள் தெரிவிக்காமல் விட்டால், 21(2) பிரிவில் உங்களுக்கே ஓராண்டு வரை சிறை. 'பள்ளிப் பெயர் கெடும், உள்ளேயே பேசி முடிப்போம்' என்று வரும் ஊர்ப் பெரியவர்கள் நீதிமன்றத்துக்கு உடன் வரமாட்டார்கள்.

மேலே போக வழி உண்டு. அங்கிருந்து மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று போகலாம். மாவட்டக் கல்வி அலுவலர் பணிக்குத் தேர்வாணையம் வழியாக நேரடி நியமனமும் இருப்பதால் இடம் குறைவு. பெரும்பாலோர் ஐம்பதை ஒட்டித்தான் தலைமை ஆசிரியர் நாற்காலிக்கே வருகிறார்கள், ஓய்வு வயதோ 60. அதனால் மேல்பதவியை எண்ணி இந்தப் பதவியை ஏற்க வேண்டாம். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே, பணியாற்றிய ஒவ்வொரு பள்ளியின் நிலுவைத் தணிக்கைத் தடைகளையும் எழுத்தில் கேட்டு வாங்கி, பதில் கொடுத்து நீக்கிக்கொள்ளுங்கள். கடைசி மாதத்தில் கேட்டால் பழைய பள்ளியில் அந்தக் கோப்பைத் தேடித் தர ஆள் இருக்காது.