பட்டன் இருந்தும் டயரை மாற்ற வேண்டுமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் காருக்கு எட்டு வயது. ஓடியது 24 ஆயிரம் கிலோமீட்டர்தான். டயரில் பட்டன் (தரையைத் தொடுகிற ரப்பர் மேடு) இன்னும் 5 மி.மீ. இருக்கிறது. சர்வீஸ் செய்பவர் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார். வியாபாரத்துக்காகச் சொல்கிறாரா?

பதில்: இல்லை, சரியாகத்தான் சொல்கிறார். புது கார் டயரில் பட்டன் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். பல நாடுகளில் 1.6 மி.மீ. வரை ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தக் கணக்குப்படி உங்கள் டயரில் பாதி ஆயுள் மிச்சம். ஆனால் பட்டனின் ஆழத்தை வைத்து டயர் எவ்வளவு தேய்ந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். ரப்பர் எவ்வளவு கெட்டது என்பது வேறு கணக்கு. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு டயரின் ஆயுள் முடிந்தது.

பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பியால் ஆன இரண்டு பெல்ட்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருக்கின்றன. அவற்றை ஒட்டி வைத்திருப்பது இடையில் உள்ள மெல்லிய ரப்பர். டயருக்குள் அழுத்தி அடைத்த காற்று நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பர் வழியே கசிகிறது. பஞ்சர் இல்லாமலே மாதாமாதம் காற்று குறைவது இதனால்தான். கசியும் காற்றிலுள்ள ஆக்சிஜன் போகிற வழியில் இந்த ரப்பரை இறுக வைக்கிறது. இறுகிய ரப்பர் பெல்ட்டின் ஓரத்தில் கீறல் விடும். காற்றுக் குறைவு, வேகம், வெயில் மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் பட்டனும் மேல் பெல்ட்டும் தோலுரிந்ததுபோல் கழன்று பறக்கும். அதற்கு முதல் நாள் பார்த்தாலும் வெளியே பளிச்சென்றுதான் இருந்திருக்கும்.

குறைவாக ஓடிய காருக்கு இதில் சலுகை கிடையாது. ஓசோன் அரிக்காமல் இருக்க ரப்பரில் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டு ரப்பர் வளைந்து கொடுக்கும்போதுதான் அவை நன்றாக மேலே வந்து படியும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காரில் அந்தக் காப்பு குறைவு. வெப்பமும் முக்கியம்: 10 டிகிரி கூடினால் இந்த ரசாயன மாற்றம் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் நடக்கும். இன்னொன்று, இறுகிய ரப்பர் ஈரச் சாலையைக் கவ்வாது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பிரேக் போட்ட பிறகு வண்டி கூடுதல் தூரம் போய்த்தான் நிற்கும்.

கணக்கு இதுதான். பல கார் நிறுவனங்களின் கையேடு 6 ஆண்டில் மாற்றச் சொல்கிறது. மிஷெலின் நிறுவனம் 5 ஆண்டுக்குப் பின் வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கவும், 10 ஆண்டு ஆனால் கட்டாயம் கழற்றவும் சொல்கிறது. 10 என்பது உச்ச வரம்பு, இலக்கு அல்ல. வெயிலில் நிற்கிற, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிற வண்டிக்கு 6 ஆண்டுக் கணக்கே பாதுகாப்பானது. எட்டு வயது டயரோடு நீண்ட பயணம் வேண்டாம்.

கேள்வி: டயர் எப்போது தயாரானது என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' (DOT) என்று தொடங்கும் வரிசையைத் தேடுங்கள். அதன் முடிவில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3516 என்றால் 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். பேச்சே இல்லை, கழற்றிவிடுங்கள்.

தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அதுவும் வண்டிக்கு உள்பக்கமாகப் போயிருக்கலாம். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி டார்ச் அடித்தால் தெரியும். பின் சக்கரத்துக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். நான்கையும் தனித்தனியே பாருங்கள். பழைய கார் வாங்குபவர்களுக்கு இது ரொம்ப அவசியம். நான்கும் ஒரே தேதியில் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

கேள்வி: பக்கவாட்டில் முடி போல விரிசல் தெரிகிறது. ஆபத்தா? டயர் பாலிஷ் போட்டால் சரியாகுமா?

பதில்: சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்போடு நிற்கிற மெல்லிய கோடுகள் வயதுக்கான அறிகுறி. தேதியையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். நகம் உள்ளே இறங்கினாலோ, நூல் தெரிந்தாலோ, பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடியில் வெடிப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள். எங்காவது கொப்புளம்போல் புடைத்திருந்தால் அந்த டயரில் ஓட்டவே கூடாது.

மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் ஆடி, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) செய்தும் நிற்கவில்லை என்றால் பெல்ட் விடுபடுகிறதா என்று சந்தேகியுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் மேடு தட்டுப்படும். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரிசல் இல்லை என்பதால் மட்டும் டயர் நல்லது என்று ஆகிவிடாது. உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்பதில்லை.

பாலிஷ் விரிசலை மறைக்கும், ஆற்றாது. பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பாலிஷ் மேலே படிந்த மெழுகையே எடுத்துவிடும். பக்கவாட்டில் தெரிகிற பழுப்பு நிறத்தைப் பலர் அழுக்கு என்று பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். ரப்பரைக் காக்கிற ரசாயனம் வெளியே வந்த நிறம் அது.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர்தான் மாற்ற முடியும். எந்தப் பக்கம் போடுவது?

பதில்: பின்னால். முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கும் அதுவே. தண்ணீர் தேங்கிய சாலையில் முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராக வழுக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். பின் டயர் பிடி விட்டால் வண்டி பம்பரமாகச் சுற்றும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் பழசுக்கும் புதுசுக்கும் உள்ள உயர வித்தியாசம் கியர் அமைப்பைக் கெடுக்கும். அதற்குக் கையேடு எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்க்காமல் இரண்டு மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: ஸ்டெப்னி ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை. அதை ஓடும் சக்கரமாகப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: காரோடு வந்தது என்றால் அதற்கும் எட்டு வயது. டிக்கியில் வெயில் படாது, வெப்பமும் காற்றும் விடாது. பட்டறை வரை போக மட்டும் பயன்படுத்துங்கள். நான்கையும் மாற்றும்போது இதற்கும் சேர்த்து முடிவெடுங்கள். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியில் பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குக் காற்று ஏறக்குறைய 60 பி.எஸ்.ஐ. வேண்டும். பலரும் அதைச் சோதிப்பதே இல்லை.

கேள்வி: புது டயர் போடும்போது கடையில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: போடுவதற்கு முன்பே தேதியைப் பாருங்கள். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயர் சில மாதம் பழசு என்றால் கவலை இல்லை. இரண்டு மூன்று வருடப் பழசு என்றால் அந்த வருடங்கள் உங்கள் கணக்கிலிருந்துதான் கழியும், வேறு கேளுங்கள். 205/55 ஆர் 16 91 வி என்று இருந்தால், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், 'வி' 240 கி.மீ. வேகம் வரை என்பதையும் குறிக்கும். இந்த இரண்டும் கையேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது.

ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டயரோடு சேர்ந்து அதுவும் கிழடாகியிருக்கும். காற்றழுத்த சென்சார் உள்ள சக்கரத்தில் அதன் சீல், வால்வு ஊசி, நட்டு மூன்றையும் மாற்ற வேண்டும். ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பைத் துரு போகத் தேய்க்காமல் மாட்டினால் மெதுவாகக் காற்று இறங்கும், பஞ்சர் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசை பார்த்து மாட்ட வேண்டும். பிறகு பேலன்சிங். பழைய டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) வேண்டும்.

வீல் நட்டை ஏர் கன் வைத்து முழுக்க இறுக்க விடாதீர்கள். எதிரெதிராக மாற்றி மாற்றி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடி சோதியுங்கள். காற்றை ஓட்டுநர் கதவோரத் தகட்டில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். டயரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. புது ரப்பரின் மேல் தயாரிப்பின்போது பட்ட வழவழப்பு இருக்கும், முதல் 300 கி.மீ. வரை நிதானமாகப் போங்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடைத்தால் டயருக்கு வயதாகாதா?

பதில்: உள்ளிருந்து ஆக்சிஜன் அரிப்பது குறையும். வெளிக்காற்றும் வெயிலும் ஓசோனும் அப்படியேதான் இருக்கும். ஏற்கெனவே இறுகிப்போன ரப்பர் நைட்ரஜனால் இளகாது.