மிசௌரி ஆற்றுக்கு மேற்கே இருந்த ஒரு தொகுதி

கேள்வி: அமெரிக்கக் காங்கிரஸில் முன்பு இருந்து இப்போது இல்லாமல் போன தொகுதி ஏதாவது உண்டா? அது ஏன் போனது, அங்கிருந்து யாரெல்லாம் போனார்கள் என்று சொல்ல முடியுமா?

நிறைய உண்டு. எனக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன்: சவுத் டகோட்டாவின் 2-ஆம் தொகுதி. 1983 ஜனவரியோடு அந்தப் பெயரில் தொகுதி இல்லை. நான் சூ ஃபால்ஸ் நகரத்தில் சில வருடம் வேலை பார்த்தேன், அதனால்தான் இந்த ஆர்வம். இல்லையென்றால் இந்த மாநிலத்தை வரைபடத்தில் காட்டச் சொன்னால்கூடத் தடுமாறியிருப்பேன்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். மாநிலத்தின் நடுவே மிசௌரி ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. அங்கே யாரும் கிழக்கு மாவட்டம், மேற்கு மாவட்டம் என்று பேசுவதில்லை. ஆற்றுக்குக் கிழக்கே, ஆற்றுக்கு மேற்கே, அவ்வளவுதான். கிழக்கே மழை பரவாயில்லை. சோளம், சோயா, நெருக்கமான சின்ன ஊர்கள். மேற்கே மழை குறைவு. புல்வெளி, மாட்டுப் பண்ணை, பிளாக் ஹில்ஸ் மலை, பைன் ரிட்ஜ், ரோஸ்பட் போன்ற லக்கோட்டா பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்கள். கிழக்கே விவசாயி தலையில் விதைக் கம்பெனிக்காரன் கொடுத்த தொப்பி, மேற்கே கௌபாய் தொப்பி என்று கேலியாகச் சொல்வார்கள். பாதி கேலி, பாதி உண்மை.

மாநிலம் பிறந்தது 1889-இல். 1913 வரை தொகுதியே கிடையாது. காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு இருந்த இரண்டு உறுப்பினர்களையும் மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்று இடம் கிடைத்தது, மூன்று தொகுதியாக வெட்டினார்கள். அப்போது ஆற்றுக்கு மேற்குப் பக்கத்துக்கு 3-ஆம் எண். 2-ஆம் எண் கிழக்கே இருந்தது. பழைய பட்டியலைப் பார்க்கிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். 1915 முதல் 1933 வரை 2-ஆம் தொகுதியில் இருந்த ராயல் ஜான்சன் மேற்குக்காரர் இல்லை. ஆனால் அவரைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1917-இல் முதல் உலகப்போரில் இறங்க வேண்டாம் என்று வாக்களித்தார். போர் வந்துவிட்டது என்றதும் தானே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, களத்தில் காயம்பட்டுத் திரும்பினார்.

சரி, 1930 கணக்கெடுப்பு. மூன்று இடம் இரண்டானது. மேற்குப் பக்கத்தின் 3-ஆம் தொகுதி ஒழிந்து, 1933 முதல் அதுவே 2-ஆம் தொகுதி. நான் பேசவந்த தொகுதி இதுதான். பழைய 3-இன் கடைசி உறுப்பினர் வில்லியம் வில்லியம்சன், குடியரசுக் கட்சி. ரஷ்மோர் மலையில் தலைகள் செதுக்க ஆரம்பித்த 1927-இல், குடியரசுத் தலைவர் கூலிட்ஜைக் கோடை விடுமுறைக்குப் பிளாக் ஹில்ஸுக்கு வரவழைத்ததில் இவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பெருமையெல்லாம் 1932-இல் உதவவில்லை. நாடு முழுவதும் ரூஸ்வெல்ட் அலை. தியோடர் வெர்னர் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரிடம் தோற்றார்.

வெர்னர் பத்திரிகை நடத்தியவர். அவருக்கு அடுத்து 1937-இல் வந்த ஃபிரான்சிஸ் கேஸும் பத்திரிகைக்காரர். 1951-இல் வந்த ஈ. ஒய். பெர்ரியும் பத்திரிகைக்காரர். ஆக 1933 முதல் 1971 வரை 38 வருடம் இந்தத் தொகுதியைத் தொடர்ந்து பத்திரிகைக்காரர்களே வைத்திருந்தார்கள். யோசித்தால் ஆச்சரியமில்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிற இடத்தில், ஒரு ஆளின் பெயர் எல்லா வீட்டுக்கும் வாராவாரம் போய்ச் சேர வேறு வழி என்ன இருந்தது?

கேஸ் மேலவையான செனட்டுக்குப் போனபிறகு நடந்த ஒன்று பிரபலம். 1956-இல் இயற்கை எரிவாயு மசோதா ஒன்று ஓட்டுக்கு வர இருந்தது. அதை ஆதரிக்கும் எண்ணத்தில்தான் அவர் இருந்தார். அந்த நேரம் பார்த்துத் தேர்தல் நிதி என்று 2,500 டாலர் வந்து சேர்ந்தது. கேஸ் செனட்டில் எழுந்து அதைப் போட்டு உடைத்தார், எதிர்த்து வாக்களிப்பேன் என்றார். மசோதா நிறைவேறியது, ஆனால் குடியரசுத் தலைவர் ஐசனாவர் அதில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

பெர்ரியின் 20 வருடத்தை நான் வேகமாகத் தாண்டுகிறேன். அவர் காலத்தில் தொகுதிக்கு நடந்ததுதான் முக்கியம். 1960 கணக்கெடுப்பின்படி கிழக்கே 1-ஆம் தொகுதியில் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர், மேற்கே 2-ஆம் தொகுதியில் சுமார் 1.8 லட்சம் பேர். அதாவது மேற்கத்தியான் ஒருவனின் ஓட்டுக்குக் கிழக்கத்தியான் இரண்டரைப் பேருக்கும் மேலான மதிப்பு. 1964-இல் ஜார்ஜியா மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்துக்குள் காங்கிரஸ் தொகுதிகள் மக்கள்தொகையில் கூடியவரை சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு 2-ஆம் தொகுதி ஆற்றைத் தாண்டிக் கிழக்குப் பக்க மாவட்டங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் தொகுதியின் பாதி உயிர் அப்போதே போய்விட்டது. தீர்ப்பு நியாயமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறுதான் எல்லை என்ற கணக்கு அதோடு முடிந்தது.

எதிர்ப்பக்கத்தையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். 1-ஆம் தொகுதியில் 1957 முதல் 1961 வரை இருந்தவர் ஜார்ஜ் மெக்கவர்ன், பின்னால் 1972 குடியரசுத் தலைவர் தேர்தலில் நிக்சனை எதிர்த்து நின்று சொந்த மாநிலத்தையும் இழந்தவர். அவருக்கு அடுத்து 10 வருடம் பென் ரைஃபல். தாய் லக்கோட்டா, தந்தை ஜெர்மானிய வம்சம், ஹார்வர்டில் முனைவர் பட்டம். அந்தப் பத்து வருடமும் காங்கிரஸில் இருந்த ஒரே அமெரிக்கப் பழங்குடி உறுப்பினர் அவர்தான். பிறந்தது ரோஸ்பட்டில், ஆற்றுக்கு மேற்கே. ஜெயித்தது கிழக்கே.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி.

1970-இல் பெர்ரி ஓய்வு பெற, ஜேம்ஸ் அபூரெஸ்க் ஜெயித்தார், ஜனநாயகக் கட்சி. லெபனானிலிருந்து வந்து ரோஸ்பட் பகுதியில் கடை வைத்த குடும்பம். இரண்டே வருடத்தில் செனட்டுக்குப் போய்விட்டார். அமெரிக்க செனட்டின் முதல் அரபு வம்சாவளி உறுப்பினர். காலியான 2-ஆம் தொகுதியை 1972-இல் பிடித்தவர் ஜேம்ஸ் அப்டனர், குடியரசுக் கட்சி. 1970-லேயே நிற்கப் பார்த்துக் கட்சிக்குள் தோற்றவர், கென்னபெக் என்ற சின்ன ஊர்க்காரர். அவர் தந்தையும் லெபனானிலிருந்து வந்தவர்தான்! மாடு மேய்கிற புல்வெளித் தொகுதி ஒன்று, அடுத்தடுத்து இரண்டு லெபனான் வம்சாவளிக்காரர்களை, அதுவும் எதிரெதிர் கட்சியிலிருந்து அனுப்பியிருக்கிறது. பெயரும் ஜேம்ஸ், ஜேம்ஸ்.

அப்டனர் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1973 பிப்ரவரி 27-இல் பைன் ரிட்ஜில் உள்ள 'வூண்டட் நீ' என்ற ஊரைப் பழங்குடி இயக்கத்தினர் கைப்பற்றி 71 நாள் வைத்திருந்தார்கள். செனட்டர்கள் அபூரெஸ்க்கும் மெக்கவர்னும் நேரிலேயே அங்கே போனார்கள். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டு போவதைக் கட்டுப்படுத்தும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அபூரெஸ்க்தான். அதோடு ஒரே தவணையில் போதும் என்று விலகிவிட்டார்.

அபூரெஸ்க்கிடம் உதவியாளராக இருந்த டாம் டாஷல் என்ற இளைஞர் 1978-இல் கிழக்கே 1-ஆம் தொகுதியில் நின்றார். எதிரே வியட்நாமில் போர்க் கைதியாக இருந்து திரும்பிய லியோ தோர்ஸ்னஸ். மறு எண்ணிக்கை வரை போய், டாஷல் 139 ஓட்டில் ஜெயித்தார். மேற்கே அப்டனர் 1980-இல் மெக்கவர்னையே தோற்கடித்து செனட்டுக்குப் போக, 2-ஆம் தொகுதி பிரெஷோ ஊர்ப் பண்ணைக்காரர் கிளின்ட் ராபர்ட்ஸுக்கு வந்தது.

அந்தச் சமயம் 1980 கணக்கெடுப்பு முடிவு வந்தது. பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435 இடம், அது மாறாது. நாடு வளர வளர, வளராத மாநிலம் இடத்தை இழக்கும். சவுத் டகோட்டாவில் 1930-இல் 6,92,849 பேர். 1980-இல் 6,90,768 பேர். ஐம்பது வருடத்தில் இரண்டாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள்! அதே ஐம்பது வருடத்தில் நாட்டு மக்கள்தொகை 12 கோடியிலிருந்து 22 கோடியைத் தாண்டிவிட்டது. இரண்டு இடம் ஒன்றானது.

நாற்காலி ஒன்று, உட்கார்ந்திருப்பவர் இருவர். 1982 தேர்தலில் டாஷலும் ராபர்ட்ஸும் நேருக்கு நேர் நின்றார்கள். குடியரசுக் கட்சிக்குச் சாதகமான மாநிலம்தான், ஆனால் ரீகன் ஆட்சியில் பொருளாதாரம் படுத்திருந்த வருடம், விவசாயிகள் கொதிப்பில் இருந்தார்கள். அதற்கும் மேலே எளிய கணக்கு ஒன்று: ஆட்கள் அதிகம் இருப்பது ஆற்றுக்குக் கிழக்கே. சுமார் 52-க்கு 48 சதவீதத்தில் டாஷல் ஜெயித்தார். 2-ஆம் தொகுதியின் கடைசி உறுப்பினர் என்ற பட்டம் ஒரே தவணை இருந்த ராபர்ட்ஸுக்கு.

தொகுதி போனது, சண்டை போகவில்லை. 1986-இல் டாஷல் செனட்டுக்கு நின்றபோது எதிரே இருந்தது யார்? அதே அப்டனர். டாஷல் ஜெயித்தார், பின்னால் செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராகவும் ஆனார். அதற்கு முன்பே நடந்த ஒன்று இருக்கிறது. மர்டோ என்ற ஊரில் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டம். ஒரு பையன் ஆறு ஃப்ரீ த்ரோவில் ஐந்தைப் போட்டான். மறுநாள் கடையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற ஆள், ஒன்றை விட்டுவிட்டாயே என்று கேட்டார். கேட்டவர் அப்டனர், தொகுதி உறுப்பினர். பையன் பெயர் ஜான் தூன். வளர்ந்து அப்டனரிடமே வேலைக்குச் சேர்ந்தார். மாநிலத்தின் ஒற்றை நாற்காலியில் 1997 முதல் 2003 வரை உட்கார்ந்தார். 2004-இல் டாஷலை 4,508 ஓட்டில் தோற்கடித்தார். செனட்டில் ஒரு கட்சியின் தலைவர் தேர்தலில் தோற்றது 1952-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அபூரெஸ்க்கின் உதவியாளர் அப்டனரை வீழ்த்த, அப்டனரின் உதவியாளர் அந்த டாஷலை வீழ்த்தினார். 2025 முதல் தூன் செனட்டின் பெரும்பான்மைத் தலைவர்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், மேற்குக்காரர். ஒரு முறை அவரோடு ஐ-90 நெடுஞ்சாலையில் போனேன். சேம்பர்லினில் பாலம் தாண்டியதும் வயல் முடிந்து மேடு பள்ளமாகப் புல்வெளி ஆரம்பித்துவிட்டது. கென்னபெக் வந்ததும் "அப்டனர்" என்றார். பிரெஷோ, "ராபர்ட்ஸ்." மர்டோ, "தூன்." மூன்று ஊரையும் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மர்டோவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் போனில் நேரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது, அங்கிருந்து மலை நேரம் (Mountain Time) என்ற வேறு நேர மண்டலம். "இப்போதுதான் நிஜமாக என் ஊருக்கு வந்திருக்கிறோம்" என்று சிரித்தார்.

போன இடம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். பக்கத்து மாநிலம் மொன்டானா 1990 கணக்கெடுப்பில் இதேபோல இரண்டாவது இடத்தை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போயும் 1992-இல் தோற்று, கடைசியில் 2020 கணக்கெடுப்பில் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்கு 10.85 லட்சம் பேர் சேர வேண்டியிருந்தது. சவுத் டகோட்டாவில் 2020-இல் 8.87 லட்சம் பேர்தான். பெரியவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு லட்சம் பேர். நீ ஊரிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வா, மேற்கே நிலம் சும்மாதான் கிடக்கிறது" என்றார்.