ஆன்லைன் தேர்வில் 'முறைகேடு' என்கிறார்கள்: ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் எம்.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறேன். இரண்டாம் செமஸ்டரில் ஒரு தாளை வீட்டிலேயே, லேப்டாப் கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதினேன். இடையில் கரண்ட் போனதால் வைஃபை நின்றது. செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டுத் தொடர்ந்தேன். மாமியார் விஷயம் தெரியாமல் கதவைத் திறந்து தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு, "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது ரிசல்ட்டை நிறுத்தி வைத்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பார்வை 14 முறை திரையை விட்டு விலகியது, அறையில் வேறு நபர் மற்றும் பேச்சுக் குரல், இரண்டு இடங்களில் இருந்து லாகின் என்று மூன்று குற்றச்சாட்டுகள். 7 நாளில் விளக்கம் கேட்கிறார்கள். மாணவர் உதவி மையத்தில் இருந்து போன் செய்து, "தப்புதான், மன்னிச்சிடுங்கன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க, அந்தப் பேப்பரை மட்டும் திரும்ப எழுதிக்கலாம்" என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா? போலீஸ் கேஸ் ஆகுமா?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள், சகோதரி. நீங்கள் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால், அதற்குப் பிறகு எந்த மேல்முறையீட்டிலும் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். "ஒப்புக்கொண்டவர்தானே" என்ற ஒரு வரியில் உங்கள் நியாயம் முழுவதும் அடிபட்டுப் போகும். அந்தத் தாளை மட்டும் திரும்ப எழுதலாம் என்று போனில் சொன்னவருக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் உண்டா என்பதும் உங்களுக்குத் தெரியாது. எழுத்தில் வராத வாக்குறுதியை நம்பி எழுத்தில் ஒப்புதல் கொடுக்கக் கூடாது. வேலூர் சாத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதே "ஏதாவது கையெழுத்துப் போட்டீங்களா?" என்பதுதான்.

போலீஸ் பயம் வேண்டாம். 2024-இல் வந்த பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம் யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வு அமைப்பு, என்.டி.ஏ. (நீட் போன்ற தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமை) போன்றவை நடத்தும் தேர்வுகளுக்கானது. உங்கள் செமஸ்டர் தேர்வு அதில் வராது. இது பல்கலையின் ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே.

இனி நோட்டீஸுக்கு வருவோம். அந்த மென்பொருள் உங்களைக் குற்றவாளி என்று தீர்மானிக்கவில்லை. முகம் திரும்பினால், குரல் கேட்டால், இணைய இணைப்பின் முகவரி (ஐ.பி.) மாறினால் அந்த நேரத்தைக் குறித்து வைக்கும், அவ்வளவுதான். அதை ஃபிளாக் என்பார்கள். அந்த ஃபிளாக்கை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்து, நடந்தது என்ன என்று முடிவு செய்ய வேண்டும். உங்கள் நோட்டீஸில் மூன்று ஃபிளாக் இருக்கிறது. அவற்றை யார் பார்த்தார், என்ன முடிவுக்கு வந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. உங்கள் வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது.

பார்வை விலகியதை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வினாத்தாளைப் பார்த்தேன். படுக்கை நிரம்பும் விகிதம், நோயாளி சராசரியாகத் தங்கும் நாட்கள் என்று ஐந்து கணக்குகள். கணக்குப் போட ஒரு வெள்ளைத்தாள் வைத்துக்கொள்ளலாம், தொடங்கும் முன் இரண்டு பக்கமும் கேமராவில் காட்ட வேண்டும் என்று உங்கள் தேர்வு விதியே சொல்கிறது. தாளில் எழுதுகிறவள் தாளைத்தானே பார்க்க வேண்டும்? அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். 14 முறை எந்தெந்த நிமிடத்தில் என்று பட்டியல் கேளுங்கள். கணக்குக் கேள்விகள் திரையில் இருந்த நேரத்தோடு அது பொருந்தினால், அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

லாகின் விஷயம் இதைவிட எளிது. செல்போன் டேட்டாவுக்கு மாறினால் இணைய முகவரி மாறும். குடியாத்தத்தில் உட்கார்ந்திருந்தாலும் பல நேரம் அது சென்னை என்றே காட்டும். நெட்வொர்க் அப்படி அமைந்திருக்கிறது. இதற்கு ஆதாரம் திரட்டலாம். அன்றைய டேட்டா பயன்பாட்டு விவரத்தை செல்போன் நிறுவனத்திடம் வாங்குங்கள். அந்த நேரத்தில் உங்கள் தெருவில் மின்தடை இருந்ததா என்று மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். துணை மின்நிலையப் பதிவேட்டில் எப்போது போனது, எப்போது வந்தது என்று இருக்கும். கரண்ட் போனதும் உதவி மையத்துக்கு மெசேஜ் அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனையே ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள்.

மாமியார் வந்ததுதான் உங்கள் பக்கத்தில் பலவீனமான இடம். மறைக்காமல் சொல்கிறேன். அறையில் யாரும் வரக் கூடாது என்ற விதிக்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று நீங்களே அழுத்தியிருக்கிறீர்கள். அது விதிமீறல்தான், ஆனால் காப்பியடித்தல் அல்ல. இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்கத்தில் நடந்தது நடந்தபடி எழுதுங்கள். சொம்பு, கேட்ட கேள்வி, எத்தனை விநாடி, நீங்கள் பதில் பேசினீர்களா இல்லையா, எல்லாம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும் என்பதையும் எழுதுங்கள். ஒற்றை அறை வீட்டைத் தேர்வுக்கூடமாக மாற்றச் சொல்லிவிட்டு, வீட்டில் மனிதர் நடமாடினார்கள் என்று தண்டிப்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2022-இல் ஒரு மத்திய நீதிமன்றம் சொன்னது. அது இங்கே கட்டுப்படுத்தாது. 2017-இல் நம் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்திருந்தாலும், அதை வைத்து மட்டும் உங்கள் வழக்கை ஜெயிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜெயிக்க வழி பழைய சட்டத்திலேயே இருக்கிறது. முறைகேடு என்று ஒரு மாணவரின் தேர்வை ரத்து செய்யும் முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் 1962-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மையம் முழுவதும் காப்பி நடந்து ஒட்டுமொத்தமாக ரத்தானால் கதை வேறு. உங்கள் மேல் இருப்பது தனிக் குற்றச்சாட்டு. எதை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்களோ அதைக் காட்டாமல் விளக்கம் கேட்டால், அது கேட்டதாகவே ஆகாது. அதே சமயம், கிரிமினல் வழக்குப் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்ற அளவு போதும் என்று 1991-இல் கே.எஸ். காந்தி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அதனால் "நிரூபிங்க பார்க்கலாம்" என்ற தொனியில் பதில் எழுதாதீர்கள். பதில் முழுக்க உங்கள் ஆதாரங்கள் இருக்கட்டும்.

7 நாள் முடியும் முன் இரண்டு தாள்கள் போக வேண்டும். ஒன்று விளக்கம். இன்னொன்று கோரிக்கை: முழு வீடியோ, ஆடியோ, லாகின் பதிவு, ஃபிளாக் பட்டியல், பார்வையிட்டவரின் குறிப்பு எல்லாம் வேண்டும், வீடியோவை நேரில் பார்க்க அனுமதி வேண்டும், விசாரணை முடியும்வரை எதையும் அழிக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதிவுகளை வைத்திருப்பது பெரும்பாலும் வெளி நிறுவனம். குறிப்பிட்ட காலம் முடிந்தால் தானாக அழிந்துவிடும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மின்னஞ்சலிலும், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். அரசுப் பல்கலை என்றால் அன்றே தகவல் உரிமை மனுவும் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். தேர்வர் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011-இல் ஏற்றிருக்கிறது. தேர்வு வீடியோவுக்கும் அதே வாதத்தை வைக்கலாம்.

முடிவு பாதகமாக வந்தால், யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 ஒழுங்குமுறைப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போங்கள். அங்கேயும் தீராவிட்டால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது மாணவர் குறைகளுக்கான மேல்முறையீட்டு அதிகாரியிடம், முறையிடலாம். நுகர்வோர் நீதிமன்றம் வேண்டாம். தேர்வு நடத்துவது சேவை ஆகாது என்று தீர்ப்புகள் இருக்கின்றன. கடைசி வழி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது பல்கலையின் முடிவை ரத்து செய்யக் கேட்கும் மனு. நிகர்நிலைப் பல்கலை என்றாலும் ரிட் செல்லும் என்று 2015-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அடுத்த செமஸ்டர் தேர்வு நெருங்கினால், வழக்கின் முடிவுக்கு உட்பட்டு எழுத அனுமதி கேட்டு இடைக்கால மனுவும் சேர்த்துப் போடலாம்.

வக்கீல் செலவுக்கு என்ன செய்வது என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தீர்கள். சாத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, இலவசமாக வக்கீல் தருவார்கள். நோட்டீஸ், அந்தக் கணக்குத் தாள், போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே போங்கள்.