மழையில் பிசுபிசுக்கும் பாசி லேம்ப்ஷேட்: பதில்

நீரோடியில இருந்து எழுதின நண்பருக்கு வணக்கம். கட்டக்கோரைங்கிற கடல்பாசிப் பொடியும் பழைய பேப்பர் கூழும் சேர்த்து நீங்க செஞ்ச லேம்ப்ஷேட் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கினதும் பிசுபிசுத்து, பூசணம் பூத்திருச்சுன்னு எழுதியிருந்தீங்க. கூழ்ல தப்பில்லை. பாசியில ஒட்டியிருக்கிற கடல் உப்புதான் காரணம். காத்துல இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கிட்டே இருக்கும்.

பொடிக்கிறதுக்கு முன்னாடியே பாசியை நல்ல தண்ணியில அலசணும். நான் கொல்லங்கோட்டுல கிணத்துத் தண்ணியில நாலு தடவை அலசுவேன். கடைசித் தண்ணியில ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்ப்பேன். கரிச்சா இன்னொரு தடவை.

அப்புறம், இறுகுறதுக்காக கால்சியம் குளோரைடு கரைசல்ல முக்கினதா சொன்னீங்க. நல்ல வேலைதான். பாசியில இருக்கிற ஆல்ஜினேட்ங்கிற பசைப்பொருள் கால்சியத்தோட சேர்ந்தா தண்ணியில கரையாது. ஆனா மேல ஒட்டி நிக்கிற மிச்சக் கால்சியம் குளோரைடும் ஒரு உப்புதான், சோத்து உப்பை விட மோசமா ஈரம் குடிக்கும். முக்கின பிறகு கழுவினீங்களா? அதை எழுதலையே. எனக்கு அதுலதான் சந்தேகம். கட்டாயம் நல்ல தண்ணியில கழுவி, நிழல்ல காத்தோட்டமா உலர்த்துங்க. முழுசா காய்ஞ்ச பிறகு தேன்மெழுகை உருக்கித் துணியால மெல்லிசா தேய்ங்க. உள்ளே எல்இடி பல்பு மட்டும் போதும். குண்டு பல்பு சூட்டுல மெழுகு இளகிடும்.

பூசணம் பூத்ததை வீட்டுக்குள்ள வைக்காதீங்க, சின்னப் பிள்ளைங்க இருந்தா கண்டிப்பா வேண்டாம். அடுத்ததைக் கழுவிச் செஞ்சதும் போட்டோ போடுங்க, பார்க்க ஆசையா இருக்கு.