பழஞ்சேலைக்கு இந்த விலையா?

கேள்வி: கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைத்த ‘கவந்தி’ போர்வையை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். பழஞ்சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டதுதான். விலையோ ஆயிரக்கணக்கில். நம் பாட்டிமார் தைக்காததா? அதில் அப்படி என்ன விசேஷம்?
– வாசகி, ஈரோடு

பதில்: தைத்தார்கள், சகோதரி. என் அப்பத்தா தைத்த சேலை விரிப்பில் படுத்துத்தான் நானும் வளர்ந்தேன். நாலு சேலையை மடித்து வைத்துச் சுற்றிலும் நூலோட்டினால் வேலை முடிந்தது. கவந்தி வேறு விதம். அடியில் ஒரு சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே துண்டுகளை வைத்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வருவார்கள். சுற்று குறுகிக் குறுகிக் கடைசியில் நடுவில் வந்து முடியும். கிறிஸ்தவ வீடு என்றால் சிலுவை, முஸ்லிம் வீடு என்றால் பிறை வைப்பதும் உண்டு.

சரி, நாலு மூலைகளைக் கவனித்தீர்களா? துணியை முக்கோணமாக மடித்து, அடுக்கடுக்காகத் தைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ‘ஃபுலா’, அதாவது பூ. குளிருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அது இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கிறது என்பார்கள். என் மனசு நின்றுபோனது அங்கேதான்.

இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். போர்த்துகீசியர் ஆண்ட கோவாவிலிருந்து தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் வந்தவர்கள் பலர். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கொங்கணியும் கன்னடமும் பேசுகிறார்கள். இன்றும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ‘எந்த நாடு?’ என்று கேட்கிறார். உத்தர கன்னட மாவட்டச் சித்திகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததே 2003ல்தான். பிறர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு வந்து ஊசியை எடுக்கும் பெண், தன் பிள்ளைக்குப் பூ வைக்காமல் போர்வையை முடிக்க மாட்டாள். அதைக் கந்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை பார்த்தால் திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தையலைப் பாருங்கள். அத்தனையும் கை ஓட்டிய நூல். அப்புறம், பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். தைத்த கைக்கே போகிறதென்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அலமாரியில் பூட்டி வைக்காமல் போர்த்திக்கொள்ளுங்கள். நைந்த இடத்தில் உங்கள் சேலைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் போதும்.