கால்விரல் மரத்துப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்

பசை ஒட்டும் பிரிவில் வேலை, தலைவலி விடுமுறையில் போய்விடுகிறது, ஆனால் இரண்டு மாதமாகக் கால்விரல்கள் மரத்தே இருக்கின்றன என்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டாவதுதான் கவலை. தலைவலியும் கிறுகிறுப்பும் பெரும்பாலும் பசையில் இருக்கும் கரைப்பான் (பசையை இளக்கமாக வைத்து, பிறகு ஆவியாகிப் போகும் திரவம்) உடலைவிட்டு வெளியேறியதும் தணிந்துவிடும். மரத்துப்போவது அப்படியல்ல. பசையில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்தால், கல்லீரல் அதை 2,5-ஹெக்சேன்டையோன் என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அது நீளமான நரம்புகளை, அதாவது பாதத்துக்குப் போகிறவற்றை முதலில் கெடுக்கும். மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற இன்னொரு கரைப்பானும் சேர்ந்திருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். வேலையை விட்ட பிறகும் சில வாரங்கள் மோசமாகிக்கொண்டே போவதுண்டு, அதனால் ‘பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள்.

பசையின் பாதுகாப்புத் தரவுத்தாளை (அதில் என்னென்ன ரசாயனம், என்ன ஆபத்து என்று சொல்லும் தாள்) கேட்டு வாங்கி, நரம்பியல் மருத்துவரிடம் அதையே காட்டுங்கள். வேலையைச் சொல்லாவிட்டால் சர்க்கரை, பி12 குறைபாடு என்று மட்டும் தேடுவார்கள் (அவையும் பார்க்க வேண்டியவைதான்). நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) பற்றிக் கேளுங்கள். அதுவரை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், நீங்கள் போடும் துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கரி வடிகட்டி வேண்டும். அதைவிட முக்கியம், ஆவியை மேசையருகிலேயே உறிஞ்சும் விசிறி. ‘இப்போதெல்லாம் வாடையே தெரிவதில்லை’ என்றீர்களே, மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். தின்னரில் கை கழுவுவதை இன்றே நிறுத்துங்கள்.