நண்டின் இரைப்பை நீரை எடுத்து வைத்தால், அதிலுள்ள நொதிகள் தம்மையே செரித்துக்கொள்ளாதா?

செரித்துக்கொள்ளும், ஆனால் நீங்கள் அஞ்சும் வேகத்தில் இல்லை. மாட்டு ட்ரிப்சினோடு (புரதத்தை வெட்டும் செரிமான நொதி; நண்டின் நீரிலும் இதன் வகை உண்டு) பழகியவர்களுக்குத்தான் இந்தப் பயம் வரும். கால்சியம் இல்லாத பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), பிஎச் 8-இல், அது தன் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் உள்ள இடங்களில் தன்னையே வெட்டிக்கொள்ளும். அதனால்தான் அதை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வைக்கிறோம். அதே பழக்கத்தில் நண்டு, இறால் ட்ரிப்சினையும் அமிலத்தில் போட்டால் காரியம் கெட்டது. கடும் அமிலத்தில் அது மீளாமல் செயலிழந்துவிடும். அதற்கு இதமான இடம் நடுநிலை அல்லது லேசான காரம்.

நீரை எடுக்கும்போது: ஒரு நாள் பட்டினி போட்ட உயிருள்ள நண்டைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, சிரிஞ்சில் மாட்டிய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி மெதுவாக உறிஞ்சுங்கள். மையவிலக்கியில் 4 டிகிரியில் 10,000 ஜி-இல் 15 நிமிடம் சுழற்றி, தெளிந்ததைச் சிறு பங்குகளாக மைனஸ் 80-இல் வையுங்கள். செத்த நண்டு வேண்டாம். அதன் ஈரல்கணையம் (செரிமான நொதிகளைச் சுரக்கும் உறுப்பு) உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் கலந்திருக்கும். (ஐஸ் தாமதமான இறாலில் தலையை ஒட்டிய சதை முதலில் குழைவதும் இதனால்தான்.)

இனி சோதனை. 25 டிகிரியில் வைத்து 0, 1, 3, 6, 24 மணியில் மாதிரி எடுத்து, பி.ஏ.பி.என்.ஏ. (ட்ரிப்சின் வெட்டும்போது மஞ்சள் நிறம் தரும் பொருள்) கொண்டு 405 நானோமீட்டரில் செயல்பாட்டை அளக்கலாம். 0.02% சோடியம் அசைடு சேர்க்காவிட்டால் 24 மணி மாதிரியில் பாக்டீரியாவின் நொதிகளையும் சேர்த்தே அளப்பீர்கள்.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்: செயல்பாடு குறைந்தாலே தன்செரிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். புரதம் வெட்டுப்படாமல் வெறுமனே வடிவம் குலைந்தும் செயலிழக்கலாமே! எனவே 1 மில்லிமோலார் பி.எம்.எஸ்.எஃப். (ட்ரிப்சின் போன்ற செரின் நொதிகளை முடக்கும் தடுப்பான்) சேர்த்த குழாய் ஒன்றையும் கூடவே வைத்து, இரண்டையும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் (புரதங்களை விரித்து அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்) ஓட்டிப் பட்டைகளை ஒப்பிடுங்கள். தடுப்பான் உள்ள குழாயில் பட்டை நின்று, இல்லாததில் மறைந்தால் செரின் நொதிகளின் வேலை. இரண்டிலும் பட்டை அப்படியே இருந்து, தடுப்பான் இல்லாததில் செயல்பாடு மட்டும் போயிருந்தால் புரதம் குலைந்திருக்கிறது. தடுப்பான் குழாயில் செயல்பாட்டை அளப்பதில் பொருளில்லை, அங்கே ட்ரிப்சின் ஏற்கெனவே முடங்கிவிட்டது. பி.எம்.எஸ்.எஃப். தண்ணீரில் சீக்கிரம் சிதையும், பிஎச் 8-இல் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். ஐசோபுரோபனாலில் கரைத்து வைத்து, தொடக்கத்திலேயே சேருங்கள்.

ஜெல்லுக்கான மாதிரியை எஸ்.டி.எஸ். கலந்த கொதிக்கும் பஃபரில் நேராக விடுங்கள். குளிர்ந்த பஃபரில் கலந்து பிறகு கொதிக்கவைத்தால், எஸ்.டி.எஸ்.ஸில் மற்ற புரதங்கள் முதலில் விரிய, இன்னும் விரியாத நொதி அவற்றை வெட்டித் தள்ளும். நீங்கள் பார்க்கும் துண்டுகள் அந்த இடைவெளியில் உண்டானவையாகவே இருக்கும்.